இரண்டு இசக்கிராஜா, ஒரே மூச்சு

“மேல்நகலா, ஆழ்நகலா?” என்று இயந்திரத்திலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார் நகலகம் பீர்முகமது.

“மேல்நகலே போதும்ணே. ஒரு வைவாவுக்குத்தான், நாலு கேள்விக்கு வாயால பதில் சொல்லணும்,” என்றான் இசக்கிராஜா.

கல்லூரி வாசலில் முன்பு நோட்ஸ் நகலெடுத்துக் கொடுத்த கடைதான். இப்போது ஆளையே எடுக்கிறார்கள். ஆழ்நகல் என்றால் தோல் முதல் குடல் வரை அத்தனையும் புதிதாக வார்க்க வேண்டும், மாணவர்களுக்குக் கட்டுப்படியாகாது. மேல்நகலில் தோல், எலும்பு, மூளை மட்டும் புதிது. நுரையீரலும் இரைப்பையும் இருக்க வேண்டிய இடத்தில் அசலின் உறுப்புகளுக்கு ஒரு முகவரி இருக்கும், அவ்வளவுதான். அசல் புரோட்டா தின்றால் நகல் ஏப்பம் விடும். கல்லூரியின் வருகைப்பதிவு நூறு சதவீதத்தைத் தொட்டது இப்படித்தான்.

“கபடி ஃபைனல் இருக்குன்னியேல? ரெண்டுக்கும் ஒரே மூச்சு, பாத்துக்கோ.”

“அது சாயங்காலம்ணே. வைவா காலைலயே முடிஞ்சிரும்.”

மேகம் கறுத்ததால் இறுதிப் போட்டியைக் காலைக்கே மாற்றிவிட்டார்கள். ஒலிபெருக்கி அதைச் சொன்னபோது நகல் தேர்வறைக்குள் உட்கார்ந்திருந்தது.

மைதானத்தில் சமநிலை. கடைசி ரெய்டு. வடக்கே ஒரு பெரிய அணிக்கு ஆளெடுக்க வந்தவர் முன்வரிசையில் இருந்தார். இசக்கிராஜாவுக்கு வேலை கிடைக்குமா என்பது மூச்சு விடாமல் பாடும் இந்த ஒரு பாட்டைப் பொறுத்திருந்தது. மூச்சை இழுத்து நடுக்கோட்டைத் தாண்டினான். “கபடி, கபடி, கபடி...”

தேர்வறையில் ஹேமலதா மேடம் கேட்டார்: “கணினி நிரலில் ஒரு பொருளை மேல்நகல் எடுப்பதற்கும் ஆழ்நகல் எடுப்பதற்கும் என்னப்பா வித்தியாசம்?”

நகல் வாயைத் திறந்தது. காற்று வரவில்லை. ஒரு வாய் இழுத்தால் போதும், பதில் சொல்லிவிடலாம். ஆனால் இங்கே இழுத்தால் அங்கே பாட்டு அறுந்து அவுட்.

“தெரியுமா, தெரியாதா?”

மைதானத்தில் எதிரணி அவன் காலைப் பிடித்தது. இசக்கிராஜா கோட்டை நோக்கித் தவழ்ந்தான். “கபடி... கபடி...” தேர்வறையில் நகலின் முகம் கத்தரிக்காய் நிறத்துக்கு வந்தது. மேடம் பேனாவைத் திறந்தார். நகலின் தலைக்குள் ஓடியதும் அசலின் அதே நினைப்புதானே. வேலை அதற்கும் வேண்டும். மூக்கைப் பொத்திக்கொண்டது.

விரல்நுனி கோட்டைத் தொட்டது. கோப்பையும் கிடைத்தது, அரியரும் கிடைத்தது.

ஆளெடுப்பவர் ஒப்பந்தத்தோடு வந்தார். “என்னா மூச்சுப்பா உனக்கு! மேல்நகல் ஒண்ணு வச்சிருக்கியாமே, அதைக் குடு, கூட்டிட்டுப் போறேன்.”

“அப்ப நான்?”

“நீ எதுக்கு? மூணு வேளை சாப்பாடுன்னு ஆயிரம் செலவு. நீ இங்க தின்னா அதுக்கு அங்க வயிறு நெறஞ்சிரும். சம்பளம் உன் பேர்லயே வரும். ஒண்ணே ஒண்ணு, ரெய்டுல மூச்சு விட்டா ஒப்பந்தம் ரத்து.”

உட்கார்ந்த இடத்தில் சம்பளம். இசக்கிராஜா மறுபேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டான். விடுதியே அவனைப் பார்த்துப் பொறாமைப்பட்டது.

அடுத்த பருவத்தில் அரியர் வைவாவுக்கு அவனே நேரில் போனான். இந்த முறை நன்றாகப் படித்திருந்தான். இதில் தவறினால் பட்டம் கிடையாது.

“அதே கேள்விதான்,” என்றார் ஹேமலதா மேடம். “மேல்நகலுக்கும் ஆழ்நகலுக்கும் என்ன வித்தியாசம்? சொல்லு, பாஸ் போட்டுடறேன்.”

அவனைவிட நன்றாக அதை அறிந்தவர் அந்தக் கல்லூரியில் இல்லை. வாயைத் திறந்தான்.

வடக்கே எங்கோ அவனுடைய நகல் நடுக்கோட்டைத் தாண்டியது.

“என்னப்பா, இந்தத் தடவையும் தெரியாதா?”

மேடம் பேனாவைத் திறந்தார். இசக்கிராஜா மூக்கைப் பொத்திக்கொண்டான்.