காலையில் இருமும் எட்டு

கண் டாக்டர் நாற்காலியில் உட்காரும் முன்பே கடிதத்தை மேசைமேல் போட்டார்.

"மொட்டைக் கடிதம் சார். ஆஸ்பத்திரி முகவரிக்கு வந்திருக்கு. நாளைக்குச் சாயங்காலம் நாலு மணிக்கு நான் வண்டிக்குக் கையெழுத்துப் போடணும். இந்த நேரம் பார்த்து இது."

சர்வேயர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு படித்தார். முப்பது வருடம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனிக்காக அடிபட்ட வண்டிகளைப் பார்த்து, மோதியவர்களில் யார் புளுகுகிறார் என்று எழுதிக் கொடுத்தவர் அவர். இப்போது ஓய்வு. ஆனாலும் வண்டி வாங்கிச் சந்தேகப்பட்டவர்களும், வாங்கும் முன்பே சந்தேகப்பட்ட சில புத்திசாலிகளும் அவரைத் தேடி வந்துகொண்டுதான் இருந்தார்கள்.

கடிதத்தில் மூன்றே வரி. 'தம்பி, எட்டு வேண்டாம். காலையில் இருமும். ஆறு எடுத்துக்கொள்ளுங்கள்.'

"எட்டுன்னா?" என்று எட்டிப் பார்த்தாள் சர்வேயரின் மைத்துனி. டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவள். நாள் முழுக்கப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து 'கிளட்ச், கிளட்ச்' என்று கத்திக் கத்தி, குடும்பத்திலேயே அவளுக்குக் கிளட்ச் என்று பெயராகிவிட்டது. அத்தான் வீட்டுக்கு ஒரு வழக்கு வந்தால், அன்றைய வகுப்புகளை உதவியாளரிடம் தள்ளிவிட்டு முதல் ஆளாக வந்துவிடுவாள்.

டாக்டர் விளக்கினார். இருபது வருடமாக அவர் கனவு கண்ட ஸ்போர்ட்ஸ் கார் அது. புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது. பழைய கார் யார்டு ஒன்றில் அதே மாடல் இரண்டு நிற்கின்றன. வெள்ளை, எட்டு சிலிண்டர். சாம்பல் நிறம், ஆறு சிலிண்டர், டர்போ வைத்தது.

"அண்ணன் எட்டுதான் எடுக்கச் சொல்றார். அவர் மெக்கானிக். வீட்டுக்குப் பின்னாடியே ஷெட். வண்டி விஷயத்தில அவர் சொன்னா எனக்கு அப்பீலே கிடையாது. கடிதம் வந்ததைச் சொன்னேன். ஆறு வண்டியோட சொந்தக்காரன் வேலையா இருக்கும்னு சிரிச்சார்."

"கடிதத்தைப் படிச்சுக் காட்டினீங்களா?"

"இல்ல. எட்டு வேண்டாம்னு யாரோ எழுதியிருக்கான்னு மட்டும்தான் சொன்னேன்."

"வண்டியை எத்தனை தடவை பார்த்தீங்க?"

"ரெண்டு தடவை. ரெண்டும் சாயங்காலம் நாலு மணி. அதுக்கு முன்னாடி யார்டுக்காரர் இருக்கமாட்டார்னு அண்ணன் சொல்லியிருந்தார். அவரும் அங்கதான் முதல் தடவையா அந்த வண்டியைப் பார்த்தார். எட்டை ஸ்டார்ட் பண்ணினா தேன் மாதிரி ஓடுது சார். யார்டு பூனைகூட ரெண்டு நாளும் வெள்ளை வண்டி பானட் மேலதான் தூங்குது. அதுக்குக்கூட எட்டுதான் பிடிச்சிருக்கு."

டாக்டர் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார். சர்வேயர் சிரிக்கவில்லை.

"வண்டி வெயில்ல நின்னுதா?"

"இல்ல. ரெண்டும் ஷெட்டுக்குள்ள, பக்கத்துப் பக்கத்தில."

"சரி. இப்ப வந்தீங்களே, அந்த வண்டியைக் கொஞ்சம் பார்க்கலாமா?"

வாசலில் டாக்டரின் பழைய கார் நின்றது. சர்வேயர் பானட்டைத் திறந்தார். இன்ஜினின் பெரிய போல்ட்டுகளின் தலையில் எல்லாம் கடுகளவு அரக்குப் புள்ளி.

"அது அண்ணியோட நகப்பூச்சு சார்," என்றார் டாக்டர். "முறுக்கி முடிச்ச போல்ட்டில புள்ளி வைப்பார் அண்ணன். கல்யாணம் ஆனதிலேர்ந்து இந்தப் பழக்கம்."

"அண்ணன் வீட்டுக்கு அடிக்கடி போவீங்களா?"

"எங்க சார் நேரம். ரிப்பேர்னா டிரைவர் கொண்டுபோய் விட்டுட்டு எடுத்துட்டு வந்துடுவான். ஆனா புது வண்டியை டிரைவர் கையில கொடுக்கமாட்டேன். அண்ணன்கிட்டயே சொல்லிட்டேன், சர்வீஸுக்குக்கூட நானேதான் ஓட்டிட்டு வருவேன்னு."

சர்வேயர் பானட்டை மெதுவாக மூடினார். அவர் முகம் சுண்டிப் போயிருந்ததைக் கிளட்ச் மட்டும் கவனித்தாள்.

"நாளைக்கு நாலு மணி வேண்டாம் டாக்டர். காலையில யார்டு திறக்கும்போதே போயிடுவோம். யாருக்கும் சொல்லாதீங்க. அங்க போனப்புறம் அண்ணனைக் கூப்பிட்டுக்கலாம்."

மறுநாள் போகும் வழியில் மைத்துனியிடம் ஒன்றே ஒன்று சொன்னார். "அங்க கடிதப் பேச்சை மட்டும் எடுக்காதே. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"நான் ஏன் அத்தான் எடுக்கப்போறேன்," என்றாள் அவள். அப்படித்தான் நினைத்துக்கொண்டும் இருந்தாள்.

யார்டுக்காரர் பூட்டைத் திறந்துகொண்டிருந்தபோதே இவர்கள் போய் நின்றார்கள். மனிதருக்கு முகம் செத்துவிட்டது. "நாலு மணின்னுதானே பேச்சு. சரி, இருங்க, வண்டியைக் கொஞ்சம் சூடு பண்ணி வைக்கிறேன்."

"வேண்டாம். சாவியைக் கொடுங்க," என்றார் சர்வேயர். வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு வெள்ளை வண்டியின் பானட்மேல் கையை வைத்தார். சில்லென்று இருந்தது. பூனை அங்கே இல்லை; அலுவலக அறையில் நாற்காலிக் குஷனில் சுருண்டிருந்தது.

டாக்டர் போன் செய்ய, அரைமணி நேரத்தில் அண்ணன் வந்தார். கையில் கிரீஸ் கறை, கழுவியும் போகாத பழைய கறை. தம்பியைப் பார்த்தார், சர்வேயரைப் பார்த்தார், மூடிய பானட்டைப் பார்த்தார்.

சர்வேயர் சாவியைத் திருப்பினார்.

இன்ஜின் உயிர் பெற்றதும் உள்ளே ஏதோ டொக் டொக்கென்று தட்டியது. வறட்டு இருமல்காரர் ஒருவர் பக்கத்து அறையில் படுத்திருப்பதைப் போல விட்டு விட்டு வந்தது. நாலைந்து நிமிடம் போனதும் தேய்ந்து தேய்ந்து அடங்கியது. பிறகு தேன்தான்.

"சிலிண்டர் சுவர்ல கீறல் விழுந்திருக்கு," என்றார் சர்வேயர். "குளிர்ந்திருக்கும்போது பிஸ்டன் தட்டும். சூடானா சத்தம் போயிடும், கீறல் போகாது. அதனாலதான் நாலு மணி. நீங்க வர்றதுக்கு முன்னாடி ரெண்டு நாளும் இதை ஓடவிட்டுச் சூடாக்கி அணைச்சிருக்காங்க. பூனைக்கு எட்டும் தெரியாது, ஆறும் தெரியாது டாக்டர். எந்தப் பானட் கதகதப்பா இருக்கோ அங்க படுக்கும்."

டாக்டர் யார்டுக்காரரை முறைத்தார். யார்டுக்காரர் கண்கள் அண்ணன் பக்கம் போய்த் திரும்பின.

சர்வேயர் பானட்டைத் திறந்தார். வரிசையாகப் போல்ட்டுகள். ஒவ்வொன்றின் தலையிலும் கடுகளவு அரக்குப் புள்ளி.

"இந்த இன்ஜினைப் பிரிச்சுப் பார்த்து மாட்டினவர், இதை இங்கதான் முதல் தடவையாப் பார்த்தேன்னு உங்ககிட்ட சொல்லியிருக்கார்."

"புள்ளி யார் வேணும்னாலும் வைக்கலாம்," என்றார் அண்ணன். குரல் நிதானமாகவே இருந்தது. "கடையில விக்கிற பூச்சுதானே."

டாக்டர் முகத்தில் ஒரு சின்ன நம்பிக்கை ஓடியது. அண்ணன் சொன்னால் அப்பீல் இல்லாதவர் அல்லவா. அதைப் பார்த்ததும் கிளட்சுக்குப் பொறுக்கவில்லை.

"அப்ப அந்தக் கடிதம்? காலையில இருமும்னு எழுதியிருக்கே. இந்த யார்டு திறக்கிறதே ஒன்பதுக்கு மேல. ஒரு வண்டி காலையில இருமுறது யாருக்குக் கேட்கும்? அது ராத்திரி நின்ன வீட்டில இருக்கிறவங்களுக்குத்தான் கேட்கும். ஷெட் எங்க இருக்கு? வீட்டுக்குப் பின்னாடி. டாக்டரைத் தம்பின்னு கூப்பிடுறவங்க அந்த வீட்டில..."

பாதியில் நிறுத்தினாள். நிறுத்தி என்ன பயன்.

"அவளா எழுதினா?" என்று கேட்டார் அண்ணன்.

டாக்டர் கடிதத்தை எடுத்துத் திரும்பப் பார்த்தார். "அண்ணியோட எழுத்து எப்படி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாது," என்றார். பிறகுதான் அவருக்குக் கோபம் வந்தது. "ஏன்ணே இப்படி? நான் உனக்கு என்ன கெடுதல் பண்ணினேன்?"

"ஒண்ணும் பண்ணல. கெடுதலும் பண்ணல, வேற எதுவும் பண்ணல." அண்ணன் கந்தல் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே பேசினார். "மூணு வருஷமா உன் பழைய வண்டி என் ஷெட்டுக்கு வருது. டிரைவர் கொண்டுவர்றான், டிரைவர் எடுத்துட்டுப் போறான். நீ வந்ததில்ல. இந்த வண்டியை நானே ஓட்டிட்டு வருவேன்னு சொன்ன. எட்டு எடுத்திருந்தா மாசத்துக்கு ஒரு தடவையாவது வந்தாகணும். வந்தா ஒரு மணி நேரம் உட்கார்ந்தாகணும். அவ்வளவுதான் கணக்கு."

"நடுரோட்டில நின்னிருப்பேனே."

"நின்னிருந்தா எனக்குத்தான் போன் பண்ணியிருப்ப."

அவர் துணியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு நடந்து போனார். தன் வண்டியில் வந்ததையே மறந்துவிட்டார் போலிருக்கிறது. கேட் வரை போய்த் திரும்பி வந்து எடுத்துக்கொண்டு போனார்.

டாக்டர் அந்த யார்டிலேயே, அன்றைக்கே, ஆறு சிலிண்டரை எடுத்தார். சர்வேயர் அரைநாள் தட்டிக் கொட்டிப் பார்த்துச் சரி சொன்ன வண்டி.

திரும்பும்போது கிளட்ச், "நான் சொன்னது தப்பில்லையே அத்தான்," என்றாள்.

"தப்பே இல்ல. அத்தனையும் சரி. இன்னிக்கு அந்த அம்மா வீட்டில என்ன நடக்கும்னுதான் யோசிச்சிட்டிருக்கேன்."

நாலு மாதம் கழித்து டாக்டரே போன் செய்தார். நன்றி சொல்வதற்காகத்தான். குரலில் அப்படி ஒரு சந்தோஷம்.

"அருமையான வண்டி சார். ஒரு சின்னத் தொந்தரவு இல்ல. பழைய வண்டியையும் கொடுத்துட்டேன். அதனால அண்ணன் ஷெட்டுப் பக்கம் போகவேண்டிய அவசியமே வரல."

"அண்ணியைப் பார்த்தீங்களா?" என்று கேட்டார் சர்வேயர்.

"போகணும் சார்," என்றார் டாக்டர். "எங்க நேரம்."