ஏஜெண்டு கேட்ட ஒரிஜினல்

"பெங்களூர்ல நர்சிங் சீட்டு பறஞ்சு வச்சாச்சு, இனி..."

"எனக்கு வேண்டாம் பெரியப்பா! நான் சமூகவியலுதான்..."

"மிண்டாத! சமூகவியலாம்! மடத்துல சேரப் போற பிள்ளையளுல்லா அதெல்லாம் படிக்கும்!"

"நானும் படிப்பேன்! பதினோரு மணிக்கு நாகர்கோவில் காலேஜ்ல கவுன்சிலிங். நான் போவேன்!"

"எதக் கொண்டு போவ? ஒனக்க ஒரிஜினல் எல்லாம் எனக்க கையிலல்லா இருக்கு!"

பெரியப்பா செல்வன், ஒட்டியிருந்த பழுப்புக் கவரை உயர்த்திக் காட்டினார். பத்து மணிக்குப் புதுக்கடை முக்கில் ஏஜெண்டு காத்திருப்பான். அவன் கைக்குப் போன சர்ட்டிபிகேட் படிப்பு முடியும்வரை, நான்கு வருடத்துக்குத் திரும்பி வராது. அந்தக் கடற்கரையில் எல்லா வீட்டுக்கும் அது தெரியும்.

ஜினிஷா அடுக்களைப் பக்கம் திரும்பினாள். அம்மா ரெஜிலா புட்டுக் குழலோடு அங்கேயே நின்றிருந்தாள்.

"அலமாரிச் சாவி ஒங்க கையிலதான இருந்துது? நீங்கதான எடுத்துக் குடுத்திய?"

"நேத்து பெரியப்பா கேட்டாவ மக்கா... கவரக் குடுத்தேன்."

"குடுப்பிய! ரெண்டு வயசுல என்னயும் இப்பிடித்தான பெரியம்மா கையில குடுத்துட்டு குவைத்துக்குப் போனிய!"

ரெஜிலா குழலைக் கீழே வைத்தாள். பன்னிரண்டு வருடம்! இந்த வீட்டின் ஒவ்வொரு கல்லும் அவள் ஆஸ்பத்திரி வராந்தாக்களில் நின்ற நிற்பு. அவள் அதை ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. கணவன் பெனிட்டோ வாசற்படியில் வலையைப் பின்னிக்கொண்டிருந்தான். அண்ணன் எதிரே அவன் வாய் திறந்ததில்லை.

"ஒனக்க அம்மைக்க நர்சிங்ல கட்டின வீடுதாம்ட்டி இது" என்றார் செல்வன். "நாளைக்கு நீ அயர்லாந்து போவலாம். சமூகவியலுக்கு எந்த நாட்டுக்காரன் விசா குடுப்பான்?"

"அண்ணன் கேக்கது செரிதான்" என்றாள் ரெஜிலா. "பதில் சொல்லு பிள்ள. என்ன வேலை கெடைக்கும்?"

ஜினிஷா திகைத்துப் போனாள். இத்தனை நாளில் அதை யாரும் கேள்வியாகக் கேட்டதே இல்லை.

"ஒடனே பெருசா ஒண்ணும் கெடைக்காதும்மா. எம்.ஏ.வும் படிக்கணும். ஆராய்ச்சி பண்ணுற எடத்துல வேலை இருக்கு. கவர்மெண்ட் பரீட்சை எழுதலாம், டீச்சராவலாம். ஒண்ணும் உறுதியில்ல."

"கேட்டியளா! அவளே சொல்லுதா!"

"பின்ன எதுக்குப் பிள்ள?"

"நம்ம தெருவுல நாப்பத்தி மூணு வீடு. பத்தொம்பது வீட்டுல அம்மா வெளிநாட்டுல நர்சு. ஸ்கூல் புராஜெக்டுக்கு நான் வீடு வீடா ஏறிக் கேட்டேன். 'அவ விருப்பப்பட்டுத்தான் போனா'ன்னு எல்லா ஆம்பளையளும் சொன்னாவ. அந்த அம்மாமாருகிட்ட யாராவது கேட்டாவளா? யாராவது கேக்கணும்லாம்மா?"

பெனிட்டோவின் கையில் வலையூசி நின்றது.

"நல்ல புராஜெக்ட்டு!" செல்வன் எரிச்சலோடு கவரைக் கிழித்தார். "டி.சி. எல்லாம் இருக்கான்னு பாத்துட்டுப் போறேன்... இது என்ன எளவு? ஆயிரத்தித் தொள்ளாயிரத்தித் தொண்ணூத்தி ஒம்பதா? பேரு... ரெஜிலாவா!"

உள்ளிருந்து மடித்த ஒரு அட்டையும் விழுந்தது. ஜினிஷா குனிந்து எடுத்து வாசித்தாள். பி.ஏ. பொருளாதாரத்துக்கு இடம் கிடைத்திருக்கிறது, ஒரிஜினல் சான்றிதழ்களுடன் வரவும்.

"அம்மா... ஒங்களுக்கா? நீங்க போவல்லியா?"

"அதுக்கு மொதநாளே எங்கப்பா ஏஜெண்டுகிட்டக் குடுத்துட்டாரு மக்கா. திரும்பிக் கெடைக்கும்போ நாலு வருசம் போயாச்சு." அவள் அட்டையை வாங்கி மடித்தாள். "எனக்க கிட்டயும் யாரும் கேக்கல்ல."

"அம்மா! எனக்குத் தெரியாதும்மா... தெரியாம என்னெல்லாமோ சொல்லிட்டேனே!"

மகள் அவள் தோளில் விழுந்து கதறினாள். ரெஜிலா அவளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். ஆனால் கண் மட்டும் செல்வன் முகத்தைவிட்டு நகரவில்லை.

"கள்ளி! என்னைய ஏமாத்திட்டியே! ஏஜெண்டுகிட்ட நான் என்ன சொல்ல?"

"அத அப்பிடியே குடுங்க அண்ணே. அவனுக்கு இந்த வீட்டுல இருந்து ஒரு நர்சுதான வேணும்? நல்லா வேலை தெரிஞ்ச நர்சு!"

அரிசி டின்னுக்குப் பின்னாலிருந்து ரெஜிலா ஒரு பிளாஸ்டிக் கூடையை எடுத்தாள். அதற்குள் ஜினிஷாவின் மார்க் ஷீட், டி.சி., எல்லாம் இருந்தன.

"நர்சா இருந்ததுல எனக்கு வெக்கமில்ல. எத்தன பேருக்கக் கண்ண இந்தக் கையால மூடியிருக்கேன், எத்தன பேர எழுப்பி நடக்க வச்சிருக்கேன். ஆனா எனக்க பிள்ளைக்க சர்ட்டிபிகேட் எனக்க பிள்ளைக்க கையிலதான் இருக்கும்."

"நாளைக்கு வேலை கெடைக்கல்லன்னு அழுதுட்டு இந்த வாசல்ல வந்து நிக்கப்பிடாது! சொல்லிட்டேன்!"

"நிப்பா! நல்லா நிப்பா! இது அவளுக்க அம்மை கட்டின வாசலு!"

செல்வன் கிழிந்த கவரோடு நின்றார். ரெஜிலா மகளின் முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினாள். கீழ்ப்படியில் பெனிட்டோ இன்னும் தலை நிமிராமல் உட்கார்ந்திருந்தான்.

"அப்பன் கையெழுத்தும் வேணுமாம். பஸ்சு வர இன்னும் கால் மணிக்கூறு இருக்கு. எழும்பி வாறியளா... இல்ல, இன்னைக்கும் அண்ணன் மொகத்தத்தான் பாத்துட்டு இருப்பியளா?"