நான்காம் அணியின் இடது கால்

இஸ்திரி மேசையின் மேல் ஒரு ஜோடி வெள்ளைக் கையுறைகள் கிடந்தன. அப்பா அவற்றைத் தூக்கிப் பார்த்தார்.

"உங்கம்மாவுக்குத் தலை கழுத்தோட ஒட்டியிருக்கு. இல்லாட்டி அதையும் வச்சிட்டுப் போயிருப்பா," என்றார். "குண்டூசி, ஓடிப் போய்க் குடுத்துட்டு வா. இன்னைக்குக் கடைசி ஒத்திகை."

குண்டூசிக்குப் பத்து வயது. ஆள் ஒல்லி, கேட்கும் கேள்விகள் குத்தும். அதனால் அந்தப் பெயர். பள்ளி விடுமுறைதான். சைக்கிளை எடுத்தாள்.

அம்மா ராணுவ பேண்டு மாஸ்டர். பதினான்கு வருடங்களுக்கு முன் கிளாரினெட் வாசிப்பவராகச் சேர்ந்தார். பிறகு டிரம்பெட், புல்லாங்குழல், டிரம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சம் கற்றார். இசைப் பள்ளியில் மூன்று வருடம் படித்தார். தேர்வு எழுதினார். உதவி மாஸ்டராக இருந்து, போன மாதம்தான் மாஸ்டர் ஆனார்.

மாஸ்டர் எந்தக் கருவியும் வாசிப்பதில்லை. வலது கை தாளத்தைக் காட்டும். இடது கை சத்தத்தைக் கூட்டும், குறைக்கும். பார்க்க எளிதுதான். ஆனால் அந்தக் கை தப்பினால் நாற்பது பேரும் தப்புவார்கள்.

மூன்று நாளாக ஒரு சிக்கல். அணிவகுப்பில் நான்காம் அணி மட்டும் கால் மாற்றி வைத்தது. மற்றவர்கள் இடது காலை வைக்கும்போது அது வலது காலை வைத்தது.

"நாளைக்கும் சரியாகலைன்னா, சனிக்கிழமை அணிவகுப்புக்கு வேற மாஸ்டரை வரவழைப்பேன்," என்று பெரிய அதிகாரி சொல்லிவிட்டார். அம்மா இதை நேற்று சாப்பிடும்போது சொன்னார். சொல்லி முடித்தபோது தட்டு அப்படியே இருந்தது.

மைதானத்தின் பின்வாசலில் காவலர் குண்டூசியை நிறுத்தினார்.

"ஒத்திகை நடக்குது. குறுக்கே போகக் கூடாது. இடைவேளை வரைக்கும் இங்கேயே நில்லு."

அவளுக்கு முன்னால் நான்காம் அணி. மைதானத்தின் அந்தக் கோடியில் பேண்டு. மற்ற மூன்று அணிகளும் பேண்டுக்குப் பக்கத்தில். எல்லோரும் நின்ற இடத்திலேயே இடது, வலது என்று கால்களைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார்கள். இடது காலுக்கு ஒரு 'டம்'. அடிப்பவர் இடி மாமா. பெரிய டிரம் அவருடையது.

"நிறுத்து!" என்று அதிகாரி கத்தினார். "நாலாம் அணி! காது கேக்குதா இல்லையா?"

"கேக்குது ஐயா! டிரம்முக்குத்தான் கால் வைக்கிறோம்!"

"மாஸ்டர், அப்போ உங்க தாளம்தான் தப்பு!"

"தாளம் சரியாத்தான் இருக்குங்க ஐயா."

"நான் இன்னும் பலமா அடிக்கிறேன், மாஸ்டரம்மா!" என்றார் இடி மாமா. அடித்தார். மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன. நான்காம் அணியின் கால் மாறவில்லை.

குண்டூசி ஒன்றைக் கவனித்தாள். இடி மாமாவின் கோல் டிரம்மைத் தொட்டபோது சத்தமே இல்லை. கோல் மேலே போன பிறகு 'டம்' கேட்டது.

மின்னல் முதலில் தெரியும், இடி பிறகு கேட்கும். அதேதானோ?

இடைவேளை விட்டார்கள். இடி மாமா மட்டும் விடாமல் அடித்துப் பழகிக்கொண்டிருந்தார். குண்டூசி கோலைப் பார்த்தபடியே மைதானத்தின் ஓரமாக நடந்தாள். பாதி தூரத்தில், கோல் பாதி உயரத்தில் இருந்தபோது 'டம்' கேட்டது. டிரம்மின் பக்கத்தில் போனபோது அடியும் சத்தமும் ஒன்றாகிவிட்டன.

"அம்மா, கையுறை. அப்புறம், யார் மேலயும் தப்பில்லை."

"என்னடி சொல்ற?"

"சத்தம் அங்க போய்ச் சேர லேட்டாகுது. அவங்க கேக்குற நேரத்துல இங்க வலது கால் வந்துடுது."

அம்மா மைதானத்தின் கோடியைப் பார்த்தார். விரலில் கணக்குப் போட்டார். சத்தம் ஒரு நொடியில் ஏறக்குறைய முந்நூற்று நாற்பது மீட்டர் போகும். நான்காம் அணி நிற்பது நூற்று எழுபது மீட்டரில். அதற்கு அரை நொடி. ஒரு அடி வைக்கவும் அரை நொடி. சரியாக ஒரு கால் வித்தியாசம்.

"அதான் பலமா அடிக்கிறேனே!" என்றார் இடி மாமா.

"பலமா அடிச்சா சத்தம் பெருசாகும் மாமா. வேகமா ஓடாது."

"முன்னாடி இருக்கிறவங்க காலைப் பாத்து வைக்கச் சொல்லலாமா?" என்று கேட்டார் அம்மா, தனக்குத்தானே. "முடியாது. நேராப் பாக்கணும், குனியக் கூடாது."

குண்டூசி யோசித்தாள். "அப்போ கடைசியில இன்னொரு டிரம் வேணும். அடிக்கிறவர் காதால கேட்டு அடிக்கக் கூடாது. உங்க கையைக் கண்ணால பாத்து அடிக்கணும்."

"காது சும்மா இருக்குமா? தூரத்துச் சத்தம் இழுத்துடுமே," என்றார் இடி மாமா.

"பஞ்சு வச்சுக்கலாம்."

அம்மா சிரித்துவிட்டார். மூன்று நாளில் முதல் தடவை. பிறகு கையுறைகளை மாட்டிக்கொண்டார். ராணுவ பேண்டு மாஸ்டர்கள் வெள்ளைக் கையுறை போடுவது அழகுக்கு மட்டும் அல்ல. வெறும் கை தூரத்தில் தெரியாது; வெள்ளைக் கை தெரியும்.

இடி மாமாவின் உதவியாளர் பெரிய டிரம்மோடு முன்னால் நின்றார். இடி மாமா வேறொரு பழைய டிரம்மைத் தூக்கிக்கொண்டு நான்காம் அணியின் பக்கத்தில் போய் நின்றார். இரண்டு காதிலும் முயல்வால் போலப் பஞ்சு.

வெள்ளைக் கை இறங்கியது. டம். நான்கு அணிகளின் இடது கால்களும் ஒரே நேரத்தில் விழுந்தன. தூரத்து டிரம் வழக்கம்போல லேட்டாகத்தான் வந்தது. பக்கத்து டிரம் அதை அமுக்கிவிட்டது.

அதிகாரி மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். குறை கிடைக்கவில்லை.

"போதும்! நிறுத்து!" என்றார்.

எல்லோரும் நின்றார்கள். டம். டம். டம்.

"நிறுத்துன்னேன்!"

டம்.

அம்மா இன்னும் தாளம் போட்டுக்கொண்டிருந்த கையைக் கீழே தொங்கவிட்டார். இடி மாமா உடனே நின்றார்.

"இந்த மைதானத்துல என் பேச்சைக் கேக்காத ஒரே ஆள் இவர்தான்," என்றார் அதிகாரி. "சனிக்கிழமையும் இப்படியே கேக்காம இருக்கட்டும். மாஸ்டர், நீங்களே நடத்துங்க."

சனிக்கிழமை காலை அம்மா கையுறைகளை மறக்காமல் மாட்டிக்கொண்டு போனார்.

இஸ்திரி மேசையின் மேல் தொப்பி இருந்தது. அப்பா வாயைத் திறப்பதற்குள் குண்டூசி சைக்கிளில் ஏறிவிட்டாள்.