கொச்சிச் செடியில் ஒரு முடிச்சு

"என்ட மாப்பிள்ளை கடலுக்க மௌத்தாகல்ல ஐயா. சுபஹுத் தொழுகைக்கு முந்தி மாடிக்கு வந்து போறார். அவரைக் கண்டுபிடிச்சுத் தாங்க."

மருதமுனையிலிருந்து காரைதீவுக்கு வந்து இப்படிச் சொன்னாள் ஸம்ஸியா. ஓய்வுபெற்ற பொலிஸ் துப்பறிவாளர் நல்லரெத்தினம் செருப்பை மாட்டினார். உடன் கிளம்பிய மகள் ஆகிலாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அவள் கணவன், நெசவாளி முர்ஷித், நண்பனின் தோணியில் ஆசைக்குக் கடலுக்குப் போனவன். தோணி கவிழ்ந்தது, உடல் கிடைக்கவில்லை. கணவனை இழந்தவள் வெள்ளை உடுத்து வீட்டுக்குள் இருக்கும் இத்தாவுக்கு ஸம்ஸியா இணங்கவே இல்லை.

மருதமுனை வீட்டு மாடியில் அவன் வளர்த்த நாய்க்கொச்சி மிளகாய்ச் செடிகள் தளதளவென்று நின்றன. அடியிலைகள் கிள்ளப்பட்டிருந்தன, பழுத்த காய்கள் பறிக்கப்பட்டிருந்தன. தண்டைக் கம்போடு சேர்த்துக் கட்டிய தறிநூல் புதிது.

"இது இவர்ர முடிச்சு" என்று ஸம்ஸியா கிசுகிசுத்தாள்.

ஆகிலா ஆர்வம் தாங்காமல் ஒரு பழத்தைப் பிய்த்துப் பார்த்தாள். விரல் தீப்பட்டதுபோல் எரிந்தது.

கீழே ஸம்ஸியாவின் தங்கை நிப்லா தேத்தண்ணீர் கொண்டு வந்தாள். "எனக்குப் பயம். நான் மேல ஏறுறயே இல்ல" என்றாள். ஸம்ஸியாவின் குழந்தை அவளிடம் கைநீட்டி அழுதது. அவள் தூக்கவில்லை. "ராத்தா, புள்ளைய எடுங்க" என்று அக்காவைக் கூப்பிட்டாள்.

குழந்தை ஆகிலாவிடம் தவழ்ந்து வந்தது. அவளும் கைகளைப் பின்னுக்கு இழுத்தாள். இந்த விரல் பிள்ளையின் கண்ணில் பட்டால் என்னாவது!

இழுத்த பிறகுதான் அவளுக்குப் பொறி தட்டியது. நிப்லாவின் விரல்நுனிகள் எரிவுக்குப் பூசும் தேங்காயெண்ணெயில் மினுங்கின.

"அப்பா..."

"ஓம், நானும் கண்டன்." நல்லரெத்தினம் நிப்லாவிடம் மெதுவாகக் கேட்டார். "தங்கச்சி, ஆகிலா புள்ளையத் தூக்காத காரணம்தான் உங்களுக்கும். தண்ணி ஊத்தினா கை எரியாது. கொச்சிக்கா பறிச்சா எரியும். அந்த முடிச்சு ஆர் பழக்கின?"

"மச்சான்தான். தறியில." நிப்லா உடைந்து அழுதாள். "ராத்தா ஒண்டும் தின்னாமக் கிடந்தா. செடி வாடுதெண்டு ஒருநாள் தண்ணி ஊத்திக் கட்டி விட்டன். அதைப் பாத்துட்டு, இவர் வந்திருக்கார் எண்டு சோறு திண்டா. அதுக்குப் பிறகு நான் எப்பிடி நிப்பாட்டுற?"

மேலே மாடிக்கதவு ஒருமுறை மெல்ல முட்டியது. ஆகிலா திடுக்கிட்டு நிமிர்ந்தாள்.

ஸம்ஸியா நிமிரவில்லை. பிள்ளையை மடியில் இருத்திக்கொண்டாள்.

"நிப்லா, கையைக் கழுவிட்டு வெள்ளைச் சீலை ஒண்டு எடுத்துத் தா."