குளத்தோரப் பெஞ்சில் இருவர்

குளத்தோரப் பெஞ்சில் அக்கா மட்டும்தான் உட்கார்ந்திருந்தாள். ஆனால் தங்கையின் கணினித் திரை அந்தப் பெஞ்சுக்கு நேரே 'இருவர்' என்று காட்டியது.

நகரத்துப் பெஞ்சுகளில் எத்தனை பேர், எவ்வளவு நேரம் உட்காருகிறார்கள் என்று கணக்கெடுக்கும் மென்பொருள் அது. அதைச் சோதித்துப் பார்ப்பது தங்கையின் வேலை. கேமரா படம் அனுப்பும். பலகைக்கு அடியில் உள்ள கருவி எடையைச் சொல்லும். யாராவது கனமான பையை வைத்தாலும் சில சமயம் ஆள் என்று எண்ணிவிடும்.

ஆனால் அக்காவிடம் பை இல்லை. கண் மருத்துவமனையில் சொட்டு மருந்து விட்டு அனுப்பியிருந்தார்கள். அவளுக்கு எல்லாமே மங்கல். பூங்காவிலேயே இரு, வேலை முடிந்ததும் வந்து கூட்டிப் போகிறேன் என்று தங்கைதான் சொல்லியிருந்தாள்.

ஏசியின் முனகலும் யாரோ சூடுபடுத்திய சாப்பாட்டின் வாடையும் நிறைந்த ஆபீஸ் அறையில், தங்கை மூக்கு திரையில் உரசும் அளவுக்குக் குனிந்து, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். பெஞ்சின் மறுபாதியில் மாலை வெயில் மட்டும் விழுந்திருந்தது. அங்கே கருவி காட்டிய எடை, ஏறக்குறைய தங்கையின் எடை.

அக்கா சற்றுத் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.

தங்கை போன் செய்தாள்.

"அக்கா, பக்கத்துல யாராவது இருக்காங்களா?"

"நீதானேடி இருக்க?"

"நான் இன்னும் ஆபீஸ்லதான் இருக்கேன். எழுந்து கேட் பக்கம் போக்கா."

போனில் குளத்துக் காற்று இரைந்தது. அதற்குள்ளிருந்து ஒரு குரல் மெதுவாக, "யாருக்கா போன்ல?" என்று கேட்டது.

அது தங்கையின் சொந்தக் குரல்.

"தெரியலடி. உன்னை மாதிரியே பேசுறா," என்றாள் அக்கா.

தங்கை கெஞ்சினாள். சிறுவயதில் அப்பாவின் கண்ணாடியை உடைத்துவிட்டு, பூனைமேல் பழி போட்டது அவர்கள் இருவருக்கு மட்டுமே தெரியும். அதைச் சொல்ல ஆரம்பித்தாள். பாதியிலேயே அந்தக் குரல் மீதியைச் சொல்லி முடித்தது. அக்கா சிரித்தாள். போன் துண்டிக்கப்பட்டது.

மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை.

ஓட வேண்டும். திரையை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை.

படத்தில் அக்கா களைப்போடு பக்கவாட்டில் சாய்ந்தாள். ஒன்றுமே இல்லாத இடத்தில் தலை வைத்தாள்.

தலை அங்கேயே நின்றது.

அவள் நெற்றியில் விழுந்திருந்த முடி மெல்ல எழுந்தது. விலகியது. காதுக்குப் பின்னால் போய்ச் செருகிக்கொண்டது.