கதிர் தொடைக்குக் காய்ந்த கம்பி

போன் அலறியது.

சேலம் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த சௌந்தர்யா காதில் வைத்தாள். தம்பி கதிர்!

"அக்கா... கம்பி காயுது. என் தொடைக்குத்தான். வா..."

ஸ்கூட்டியை முறுக்கினாள். வழியிலேயே போலீஸ் ஸ்டேஷனுக்கு ஒரு போன்.

ஆறு மாதமாகக் கதிருக்குத் தொடை எலும்பில் வலி. மல்லசமுத்திரம் பக்கத்து வைத்தியர் ராசப்பன் கொடுத்த சூரணத்தில் வலி பறந்தது. விடிந்தால் திரும்பி வந்தது. வேரோடு போக, பழுக்கக் காய்ச்சிய கம்பியால் சூடு வைக்க வேண்டுமாம். அப்பா குமாரசாமி தலையாட்டிவிட்டார். பி.ஃபார்ம் படித்த மகள் கத்தியது காதில் ஏறவில்லை.

போய்ச் சேர ஒரு மணி நேரம். கம்பி சிவக்கப் பத்து நிமிடம் போதுமே...

வீட்டுக்குள் பாய்ந்து நுழைந்தாள்.

கதிர் பாயில் கிடந்தான், பக்கத்தில் அப்பாவும் அம்மாவும். தொடை முழுசாக இருந்தது! ராசப்பன் கையில் கம்பி, செக்கச்செவேலென்று.

"கீழ போடுங்க."

"குறுக்க வராத சாமி. எம் மருந்து கேட்டுச்சா இல்லியா?"

"கேட்டுச்சுங்க. சோறு திங்காம அதைச் சாப்பிடக் கூடாதுன்னு ஏனுங்க சொன்னீங்க?"

"அது... பத்தியம்."

"பத்தியமில்ல, வலி மாத்திரை. இடிச்சுப் பச்சிலையில கலந்திருக்கீங்க. எங்க காலேஜ் லேப் ரிப்போர்ட் இன்னிக்குத்தான் வந்துச்சு, இந்தா இருக்கு."

வாசலில் ஜீப் உறுமியது.

ராசப்பன் பின்சுவர் ஏறிக் குதித்தார். வேட்டி சுவரிலேயே தங்கிவிட்டது. அவர் போலீஸ் கையில்.

சேலம் ஆஸ்பத்திரி டாக்டரம்மா சிரித்தார். வலி மாத்திரைக்குச் சட்டென்று அடங்குவதே இந்தக் கட்டியின் அடையாளமாம். புற்று இல்லை, பட்டாணி அளவுதான். ஸ்கேனில் பார்த்தபடியே எலும்புக்குள் ஊசி நுழைத்து, நுனியைத் தொண்ணூறு டிகிரிக்குச் சூடேற்றினார்கள். ஆறு நிமிடம். கட்டி காலி!

மறுநாள் கதிர் தன் காலால் நடந்துபோய்ப் புரோட்டா தின்றான்.

"அங்கயும் சூடு, இங்கயும் சூடு. இதுக்கா இத்தன ரகள?" முணுமுணுத்தார் குமாரசாமி.

"அங்க தோலு வெந்திருக்கும்ங்கப்பா. கட்டி குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கும்."

ஒன்று மட்டும் சௌந்தர்யாவுக்குப் புரியவில்லை. அம்மா கந்தம்மாளைத் தனியே இழுத்தாள். கம்பி ஒரு மணி நேரம் எதற்குக் காத்திருந்தது?

"பல்லி உத்தரவு குடுத்தாத்தான் கம்பி வெக்கோணும்னேன். உங்கப்பன் அதைத் தாண்ட மாட்டாரு கண்ணு."

"ஒரு மணி நேரமாப் பல்லி கத்தவேயில்லையா?"

"மூணு தடவ கத்துச்சு. மூணு தடவையும் எனக்கு இருமல் வந்துருச்சு."