ஆறு மணி ஸ்னாப்ஷாட்

ஒரு வரி கூடியிருந்தது.

மீனலோசனி கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி பார்த்தாள். தெலுக் பங்லிமா காராங் ஊர் மீன் தொழிற்சாலையின் மாடியில், லினக்ஸ் சர்வர்களின் இரைச்சலும் சூடான பிளாஸ்டிக் வாசனையும் நிறைந்த அந்தச் சின்ன அறையில், சனிக்கிழமை மத்தியான மழை தகரக் கூரையை அடித்துக்கொண்டிருக்க, அவள் திறந்து வைத்திருந்தது 1999 ஜூலை ஏழாம் தேதி எடுத்த ஸ்னாப்ஷாட். அன்று மாலை ஆறு மணிக்கு டிஸ்க் எப்படி இருந்ததோ அப்படியே எடுத்து வைத்த நகல். எந்தக் கதவில் யார் கார்டு தேய்த்தார்கள் என்ற பதிவு அதில் இருந்தது.

‘நாகையா, குளிர் அறை, உள்ளே, 4.52.’

அதோடு முடிய வேண்டும். உள்பக்கக் கைப்பிடி உடைந்த அறையில் மாட்டிக்கொண்ட தொழிலாளி நாகையா மறுநாள் பிணமாகத்தான் வெளியே வந்தார். ராத்திரி திருட வந்தவர் என்று சாதித்த நிர்வாகம், சர்வரிலிருந்து அந்த வரியைத் தூக்கிவிட்டது. அவர் வேலை நேரத்தில்தான் உள்ளே போனார் என்பதற்கு ஸ்னாப்ஷாட் ஒன்றுதான் சாட்சி. “எங்கிட்ட பத்திரமா இருக்குக்கா, பயப்படாதீங்க” என்று மீனலோசனி அவர் மனைவி சீதாலெட்சுமியின் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தாள். திங்கட்கிழமை விசாரணை.

இப்போது அதன் கீழே: ‘நாகையா, குளிர் அறை, வெளியே, 3.41.’

சுவர்க் கடிகாரத்தில் மணி 3.42.

ஸ்னாப்ஷாட் எடுக்கக் கற்றுக்கொடுத்த விஜயனுக்குப் போன் போட்டாள்.

“விஜயன், எடுத்து வெச்ச ஸ்னாப்ஷாட் மாறுமா?”

“மாறாது லா. இடம் ரொம்பிட்டா செத்துப்போகும், அவ்வளவுதான்.”

“நாகையா அண்ணனோடது மாறியிருக்கு.”

“சாரி மீனா. அத நேத்தே அழிச்சிட்டேன். பாஸ் ப்ரமோஷன் தரேன்னாரு.”

அடப்பாவி! ஆறு வருஷம் ஒரே மேசையில் சாப்பிட்டவன். போனை அறைந்து வைத்தாள். அந்த அக்கா முகத்தில் இனி எப்படி விழிப்பது?

அப்புறம்தான் உறைத்தது. அவன் அழித்துவிட்டான் என்றால், திரையில் இருப்பது என்ன?

‘நாகையா, மாடிப்படி, உள்ளே, 3.44.’

மழைச் சத்தம் நின்றிருந்தது. சர்வர் சத்தமும். மீன் வாடை. அவள் மூச்சு வெள்ளையாகப் புகைந்தது.

கதவு பீப் என்றது. திறக்கவில்லை.

‘நாகையா, கணினி அறை, உள்ளே, 3.45.’

“அண்ணே, நான் பத்திரமாத்தான் வெச்சிருந்தேன். அவன்தாண்ணே...”

‘மீனலோசனி, குளிர் அறை, உள்ளே, 3.45.’

ஓடினாள். கதவில் கை வைத்தாள். கைப்பிடி இல்லை. பனி. வெறும் பனி.

பிறாண்டினாள்.

அவள் கைகளுக்குப் பக்கத்தில், தோளுக்கு மேலாக நீண்ட இரண்டு வெளுத்த கைகளும் பிறாண்டிக்கொண்டிருந்தன.